திருநெல்வேலியில் குடும்பத்தோடு குடியேற எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது கல்லிடைக்குறிச்சி. கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் பதினோரு வருஷம் இருந்தோம். வீட்டுக்காரருக்கு மாற்றலாகி 2018-இல் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் திருநெல்வேலிக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து மூன்று வீடு மாறியாயிற்று. முதல் இரண்டிலும் ஏமாந்தோம். வீடுகள் நன்றாகத்தான் இருந்தன, நாங்கள்தான் பார்க்கத் தெரியாமல் பார்த்தோம். இப்போது மாற்றலாகி வருகிறவர்கள், துபாயிலிருந்து திரும்புகிறவர்கள், கூடப் படித்தவர்கள் என்று மாதத்துக்கு ஒருத்தராவது போன் போட்டு இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, ஜங்ஷன், டவுன் என்கிறார்கள். இதெல்லாம் ஒரே ஊரா, வேறு வேறு ஊரா?

மாநகராட்சிக் கணக்கில் ஒரே ஊர். 1994-இல் மாநகராட்சி ஆனது. திருநெல்வேலி, தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நான்கு மண்டலம். ஆனால் இங்கே இருக்கிறவர்கள் மனசில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இரண்டே கணக்குதான். தாமிரபரணிக்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி டவுன். ஆற்றங்கரைக்கும் டவுனுக்கும் நடுவில் ரயில் நிலையத்தை ஒட்டி ஜங்ஷன். கிழக்கே பாளை என்கிற பாளையங்கோட்டை. இரண்டையும் சேர்க்க 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில்தான் இன்றைக்கும் ஊரே போய் வருகிறது. காலை ஒன்பது மணிக்கு அந்தப் பாலத்தையும் வண்ணாரப்பேட்டையையும் ஒரு தடவை கடந்து பார்த்துவிட்டு, வேலை ஆற்றுக்கு எந்தப் பக்கம், வீடு எந்தப் பக்கம் என்று யோசியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை குட்டியோடு இருக்க நல்ல ஏரியா எது?

பாளையங்கோட்டைப் பக்கம். பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் "பெருமாள்புரம் நல்ல ஏரியா, மகாராஜநகர் நல்ல ஏரியா" என்று பெயரைக் கேட்டுக்கொண்டு வீடு பிடித்துவிடாதீர்கள். ஒரே நகரில் ஒரு தெரு மேடாக இருக்கும், மூன்று தெரு தள்ளிப் பள்ளமாக இருக்கும். ஒரு தெருவில் வாரம் முழுக்கத் தண்ணீர் வரும், பக்கத்துத் தெருவில் லாரிக்குக் காத்திருப்பார்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, ரயில்வே கேட் எங்கே சாத்துகிறது, பிள்ளை எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறது: இந்த மூன்றையும் தெரு தெருவாகப் பார்த்தால் போதும். பெயர் என்னவாக இருந்தால் என்ன?

பாளையில் எந்தெந்தப் பக்கம் எப்படி இருக்கும்?

பெருமாள்புரமும் என்.ஜி.ஓ. காலனியும் அரசு ஊழியர்கள் குடியேறி வளர்ந்த பகுதிகள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர். காலையில் கோலம், சாயந்திரம் நடைப்பயிற்சி, எட்டரை மணிக்குத் தெரு அடங்கிவிடும். பக்கத்தில்தான் வேய்ந்தான்குளத்துப் புது பஸ் ஸ்டாண்ட். வெளியூர் போய் வருகிறவர்களுக்கு வசதி. ஆனால் பெயரிலேயே குளம் இருக்கிறது, கவனியுங்கள். பெருமழை பெய்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கே தண்ணீர் நிற்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

மகாராஜநகரில் உழவர் சந்தை இருக்கிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு நடந்து போனால் கீரையும் நாட்டுக் கத்திரிக்காயும் வாங்கி வந்துவிடலாம். தியாகராஜநகருக்கும் இதற்கும் நடுவில் முன்பு கேட்டில் நின்று காய வேண்டும். மேம்பாலம் வந்தபிறகு அந்தத் தொல்லை விட்டது.

சாந்தி நகர், சமாதானபுரம் பக்கம் பழைய பள்ளிக்கூடங்களுக்குப் பக்கம். ரஹ்மத் நகர் சதக்கத்துல்லா அப்பா கல்லூரியை ஒட்டியது. தூத்துக்குடி சாலையில் கே.டி.சி. நகர். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர்தான் சுருங்கி அப்படி ஆனது. அங்கே இடம் விசாலம், வீடுகள் புதுசு. வாகைக்குளம் விமானநிலையத்துக்கும் அந்த வழிதான். ஆனால் மனை மனையாக வளர்ந்துகொண்டே போவதால் மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும், ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருப்பதும் இரண்டு வேறு வாழ்க்கை. உள்ளே போனால் ஒரு தேங்காய்க்கும் வண்டி எடுக்க வேண்டும். திருச்செந்தூர் சாலையில் வி.எம்.சத்திரமும் அப்படித்தான். ரெட்டியார்பட்டி இன்னும் தெற்கே. காற்றோட்டம், மலை, மயில் எல்லாம் உண்டு. வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ரயில்வே கேட்டைப் பற்றி ஏன் எல்லாரும் புலம்புகிறார்கள்?

எங்கள் முதல் வீடு குலவணிகர்புரம் கேட்டுக்கு அந்தப் பக்கம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் பாளையில், இந்தப் பக்கம். வீடு பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாலை காலியாகக் கிடந்தது, பத்தே நிமிஷத்தில் போய்விட்டோம். "பள்ளிக்கூடம் பத்து நிமிஷம்தான்" என்று வீட்டுக்காரர் மனசுக்குள் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை எட்டரை மணிக்குத்தான் தெரிந்தது, கேட் என்று ஒன்று இருப்பது. ஒரு ரயில் போனதும் திறப்பான் என்று பார்த்தால் அடுத்த ரயிலுக்கும் சேர்த்துச் சாத்தியிருப்பான். திறந்ததும் இரண்டு பக்கத்து வண்டியும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே மேம்பாலம் கட்டுவது பற்றிய பேச்சு எத்தனையோ வருஷமாக ஓடுகிறது. மூத்தவன் இரண்டு வருஷத்தில் அந்தக் கேட்டில் நின்றே வாய்ப்பாடு பதினாறு வரை மனப்பாடம் பண்ணிவிட்டான் என்று மாமியார் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆகவே வீடு பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில், காலை எட்டேகாலுக்கு, பள்ளிக்கூடம் இருக்கும் திசையில் வண்டியை ஓட்டிப் பாருங்கள். திரும்பச் சாயந்திரம் நாலரைக்கு ஒரு தடவை.

2023 வெள்ளம் மாதிரி மறுபடி வந்தால்?

வரும். எப்போது என்பதுதான் தெரியாது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரண்டாவது வீடு மீனாட்சிபுரம் பக்கம், ஜங்ஷனுக்கு நடந்து போகிற தூரம். கேட் தொல்லை வேண்டாம் என்றுதான் போனோம். அழகான வீடு, தார்சாவில், அதாவது முன்கூடத்தில், சாய்ந்து உட்கார்ந்தால் ஆற்றுக்காற்று வரும். "ஆறு பக்கத்தில் இருக்கிறதே, தண்ணீர் வருமா?" என்று கேட்டதற்கு உரிமையாளர், "அதெல்லாம் இங்கன வராதும்மா, நான் பார்த்ததே இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டை வாங்கியதே 2005-க்குப் பிறகுதான்.

2023 டிசம்பர் 17 ராத்திரி மழை விடவே இல்லை. மலையில் பாபநாசமும் மணிமுத்தாறும் நிறைந்து திறந்துவிட்டார்கள். அணைக்குக் கீழே பெய்ததும் கடனாநதி, பச்சையாற்றுத் தண்ணீரும் சேர்ந்துகொண்டன. 18-ஆம் தேதி விடியும்போது வாசலில் செருப்பு மிதந்தது. சிந்துபூந்துறை, கைலாசபுரம், வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் எல்லாம் தண்ணீர். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கே தண்ணீர் வந்துவிட்டது என்றால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது? அரிசி டிரம், பிரிட்ஜ், இரண்டு பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயின. மாமியாரைப் பக்கத்து மாடிக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போனார்கள் தெருப் பையன்கள். அவர்களில் ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாது.

தண்ணீர் வடிந்தபிறகு எதிர் வளவில் இருந்த ஒரு ஆச்சி தன் வீட்டுச் சுவரில் ஒரு ஆணியைக் காட்டினார்கள். "தொண்ணூத்திரெண்டுல இதுவரைக்கும் வந்துச்சு. அன்னைக்கே அடிச்சு வச்சோம்." 1992 நவம்பர் வெள்ளம் அது. மூன்று வருஷம் நான் அந்த ஆச்சிக்கு எதிரில்தான் குடியிருந்தேன். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

எனவே வீட்டு உரிமையாளரைக் கேட்காதீர்கள், புரோக்கரைக் கேட்கவே கேட்காதீர்கள். அந்தத் தெருவில் இருக்கிறவர்களில் மூத்த ஆளைத் தேடிப் பிடித்து, "தொண்ணூத்திரெண்டுல தண்ணி எதுவரை வந்துச்சு? இருபத்துமூணுல எதுவரை?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். டீக்கடை அண்ணாச்சிக்கும் தெரிந்திருக்கும். சுவரில் இடுப்பளவுக்குப் புதுப் பெயின்ட், மேலே பழைய பெயின்ட் என்றால் காரணம் கேளுங்கள்.

ஆற்றங்கரை மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். ஊருக்குள் நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் ஓடுகின்றன. இவை தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டியவை. இப்போது வயல் வீடாகிவிட்டது, கால்வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. பல இடங்களில் குப்பை அடைத்துக் கிடக்கிறது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் தெருவுக்குத்தான் ஏறும். பாளையில் மருத்துவக் கல்லூரி இருக்கும் பகுதிக்கு ஹைகிரவுண்ட் என்று பெயர். அந்தக் காலத்தில் பெயர் வைத்தவர்களுக்கு மேடு பள்ளம் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் மறந்துவிட்டது.

அப்படியானால் ஆற்றங்கரைப் பக்கமே போகக் கூடாதா?

மாடி வீடாக இருந்து, வண்டியை மேட்டில் நிறுத்த இடம் இருந்தால் போகலாம். குறுக்குத்துறை முருகன் கோயில் ஒவ்வொரு வெள்ளத்திலும் முங்கி எழுந்திருக்கிறது. முருகன் சமாளிப்பார், நம் பிரிட்ஜ் சமாளிக்காது.

குடிதண்ணீர் எப்படி?

தாமிரபரணித் தண்ணீர்தான். ஆற்றுப் படுகையில் உறைகிணறு வைத்து எடுப்பது, அரியநாயகிபுரம் திட்டத்தில் வருவது எல்லாம் சேர்ந்து மாநகராட்சிக் குழாய்க்கு வருகிறது. ருசி பற்றிச் சொல்லவே வேண்டாம். அல்வாவுக்கே இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் நாங்கள். பிரச்சினை தண்ணீர் வருவதில்தான். எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது தெருவுக்குத் தெரு மாறும். அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டால் நிமிஷக் கணக்கோடு சொல்வார்கள். போர்த் தண்ணீரை ஒரு டம்ளர் வாயில் ஊற்றிப் பாருங்கள். உப்பாக இருந்தால் துணி, தலைமுடி, ஹீட்டர் மூன்றும் பாழ். புறநகர் மனைகளில் மாநகராட்சிக் குழாய் வந்துவிட்டதா, பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, இல்லை செப்டிக் டேங்க்கா என்றும் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தை முதலில் பார்ப்பதா, வீட்டையா?

பள்ளிக்கூடத்தை. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வது சும்மா இல்லை. சேவியர், ஜான்ஸ், சாராள் தக்கர், இக்னேஷியஸ் என்று நூறு வருஷத்தை எட்டியும் தாண்டியும் நிற்கிற நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. சாராள் தக்கர் கல்லூரி 1895, தூய சவேரியார் கல்லூரி 1923. பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள் பாளையில் பல தலைமுறையாக இயங்குகின்றன. அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் மற்ற கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதற்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனில் சாஃப்டர் பள்ளியும், பாரதி படித்த ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியும் இருக்கின்றன.

அரசுப் பள்ளி என்றால் முகம் சுளிக்கிறவர்கள் டவுனில் கல்லணை மாநகராட்சிப் பெண்கள் பள்ளிக்குச் சேர்க்கைக் காலத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இடம் கேட்டுப் பெற்றோர்கள் கூட்டமாக நிற்பார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும்.

தனியார் பள்ளியில் கட்டாயக் கல்விச் சட்டப்படி 25 சதவீத ஒதுக்கீட்டில் கேட்பதாக இருந்தால், வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. முகவரிச் சான்றும் அந்த வீட்டுக்கே வேண்டும். அப்படியானால் வீடு முதலில் வந்துவிடுகிறது, நான் மேலே சொன்னது தலைகீழாகும்.

பள்ளிக்குப் போனால் கழிப்பறையையும் விளையாட்டு மைதானத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு மாணவர்கள் கையைப் பாருங்கள். கலர் கலராகக் கைக்கயிறு கட்டியிருக்கிறார்களா, பள்ளி அதைக் கண்டிக்கிறதா என்று. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வீடு கேட்கப் போனால் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கிறார்களே?

கேட்பார்கள். நேராகக் கேட்காதவர்கள் "சொந்த ஊர் எது? அங்கன எந்தத் தெரு?" என்று சுற்றி வருவார்கள். "சைவம் மட்டும்" என்பதற்குப் பின்னாலும் பல நேரம் இதுதான் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் பெரிய வியாதி இது. மறைத்து எழுதி என்ன லாபம்? பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டுகிற வழக்கம் இங்கே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து உடன் படிக்கிறவர்களே வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024-இல் அவர் கொடுத்த அறிக்கையில் கைக்கயிற்றைத் தடுக்கவும் சொல்லியிருக்கிறார்.

நடைமுறையில் என்ன செய்வது? ஒரே சாதிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பழைய தெருக்களைவிட, பல ஊர்க்காரர்கள் கலந்து வீடு கட்டிய காலனிகளில் இந்தத் தொல்லை குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீடு தரும்போதே சாதி கேட்கிற உரிமையாளர், நாளைக்கு உங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், என்ன சமைக்கிறீர்கள் என்றும் கணக்குப் பார்ப்பார். நாங்கள் அப்படி இரண்டு வீட்டை வேண்டாம் என்று திரும்பினோம். வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும்.

மேலப்பாளையம்?

முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். கடைகளும் மருத்துவர்களும் காலடியில் இருப்பார்கள், ராத்திரி எந்நேரமும் நடமாட்டம் உண்டு. உள்தெருக்கள் குறுகல், கார் வைத்திருந்தால் சிரமம். செவ்வாய்க்கிழமை கால்நடைச் சந்தை, அன்றைக்கு அந்தப் பக்கத்து நெரிசலைக் கணக்கில் வையுங்கள்.

டவுனில் குடியிருந்தால் என்ன?

வயசான அப்பா அம்மாவுக்குக் கோயில்தான் உலகம் என்றால் டவுனை விட நல்ல இடம் இல்லை. நான்கு ரத வீதியும் நடந்து முடிக்கலாம். நயினார்குளம் மார்க்கெட், ஜவுளி, நகை, மருந்து, அல்வா எல்லாம் கைக்கெட்டும். ஆனித் தேரோட்டத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம். பழைய வீடுகள் குறுகி நீளமானவை: தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி போலப் போகும். நடுக்கட்டில் பகலிலும் லைட் போட வேண்டும். சின்னப் பிள்ளைகள் விளையாட இடமில்லை, கார் நிறுத்த இடமே இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டை விட்டு வெளியே வண்டி எடுப்பதை மறந்துவிடுங்கள்.

வேலை கங்கைகொண்டானில். எங்கே இருப்பது?

சிப்காட் தொழிற்பேட்டையும் ஐ.டி. பூங்காவும் மதுரை சாலையில் வடக்கே இருக்கின்றன. தச்சநல்லூர், தாழையூத்து சங்கர் நகர் பக்கம் இருந்தால் ஆற்றைக் கடக்காமல் போய்வரலாம். ஆனால் பிள்ளைகளைப் பாளைப் பள்ளியில் போட்டால் அவர்கள் கடக்க வேண்டும். யார் தினமும் அலைவது என்பதைக் குடும்பம்தான் முடிவு பண்ண வேண்டும். என் கட்சி: பெரியவர்கள் அலையட்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பேட்டை தாண்டி அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. அங்கே வேலை என்றால் டவுன், பேட்டைப் பக்கம் பாருங்கள். கூடங்குளம், மகேந்திரகிரி என்றால் நெல்லையிலிருந்து தினம் போய்வருவதாகக் கணக்குப் போடாதீர்கள். வள்ளியூரோ நாகர்கோவிலோ பாருங்கள்.

சங்கரன்கோவில் சாலையில் வாடகை குறைவாக இருக்கிறதே?

ராமையன்பட்டியில் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. கோடையில் தீப்பிடித்தால் புகை நாள்கணக்கில் நிற்கும். வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால் அந்த வாடகை மருந்துக்கடைக்குப் போய்விடும்.

அட்வான்ஸ் எவ்வளவு? ஒத்திக்கு எடுக்கலாமா?

வாடகையை இங்கே எழுதினால் ஆறு மாதத்தில் பழசாகிவிடும், விட்டுவிடுகிறேன். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை ஆணையத்தில் பதிவும் செய்ய வேண்டும். காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். சண்டை வருவது அங்கேதான்.

ஒத்தி என்பது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி பண்ணும்போது தொகையைத் திரும்ப வாங்குவது. கேட்க நன்றாக இருக்கும். உரிமையாளர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு, அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் தருவேன் என்பார். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் இன்னும் சிக்கல். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, ஒத்திப் பத்திரத்தைப் பதிவு பண்ணாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் முன்பணத்தை வாங்கவே நான்கு மாதம் நடந்தோம். அதுவே ஒத்தித் தொகையாக இருந்திருந்தால் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

வாடகை வேண்டாம், மனை வாங்கிக் கட்டிவிடலாம் என்று இருக்கிறோம்.

ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். ஒரு ஐப்பசி கார்த்திகை மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் பார்த்தபிறகு வாங்குங்கள். நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரமும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவும் உண்டா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனைகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. பட்டா, புலப்படம், அ-பதிவேடு எல்லாம் இணையத்தில் பார்க்கலாம். ஒரு விஷயம் என் அப்பா சொல்லிக் கொடுத்தது: மனைக்குப் புதுசாக வைத்த பெயரைப் பார்க்காதே, தாய்ப்பத்திரத்தில் அந்த நிலத்துக்கு என்ன பெயர் என்று பார். "அவென்யூ", "கார்டன்" என்று போர்டு இருக்கும். பழைய பத்திரத்தில் குளத்தடி, ஓடைக்கரை, பத்து (வயல் என்று அர்த்தம்) என்று இருக்கும். நஞ்சை நிலம் தண்ணீருக்குப் பழகியது. பெயர் மாற்றியதால் பழக்கம் மாறாது.

வயசானவர்களுக்கு ஆஸ்பத்திரி வசதி?

ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி 1965-இல் தொடங்கியது. தெற்கு மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். பாளையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. மாமியாரின் மூட்டு வலிக்கு நாங்கள் போவது அங்கேதான். கண்ணுக்கு ஜங்ஷன் பக்கம் அரவிந்த். தனியார் மருத்துவமனைகள் வண்ணாரப்பேட்டையைச் சுற்றி அதிகம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ வருமா என்று மட்டும் தெருவில் கேட்டு வையுங்கள்.

பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு?

கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம், பாளையில் வ.உ.சி. மைதானம், அண்ணா விளையாட்டரங்கம், மாவட்ட மைய நூலகம். ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் பொருநை அருங்காட்சியகம். தசராவுக்குப் பாளையில் சப்பரங்கள் கூடுகிற ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைக்க முடியாது. ஷாப்பிங் மால் எதிர்பார்த்து வருகிற பிள்ளைகள் முதல் ஆறு மாதம் முறைத்துக்கொண்டு இருக்கும், பிறகு சரியாகிவிடும்.

வண்டி ஓட்டத் தெரியாது. பஸ்ஸை நம்பலாமா?

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. அதனால் பஸ் வழித்தடத்தை ஒட்டி வீடு எடுப்பது நேராகக் கைக்காசு. ஜங்ஷன், பாளை, புது பஸ் ஸ்டாண்ட் இவற்றை இணைக்கும் சாலையிலிருந்து ஐந்து நிமிஷ நடைக்குள் இருந்தால் கவலையில்லை. உள்நகர்களுக்கு மினிபஸ்தான், கடைசி மினிபஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

வெயில் தாங்குமா?

பழகணும். ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கே காற்றாவது வரும். மேல்தளத்து வீடு என்றால் மொட்டைமாடியில் தட்டோடு போட்டிருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.

எந்த மாசம் குடி வருவது நல்லது?

பள்ளிக்கூடத்துக்காக எல்லாரும் மே மாதம் வருகிறார்கள். அப்போது வீடு கிடைப்பது கஷ்டம், ஊரும் காய்ந்து கிடக்கும், எல்லாத் தெருவும் நல்ல தெருவாகத் தெரியும். முடிந்தால் முந்தின கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் வந்து, மனசில் வைத்திருக்கிற தெருக்களை நடந்து பாருங்கள். இப்போது மகாராஜநகரில் நாங்கள் இருக்கிற மாடி வீட்டை அப்படித்தான் பிடித்தோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன், கடைசிவரை காலில் போட்டுக்கொண்டே நடக்க முடிந்தது இந்த ஒரு தெருவில்தான்.